மணிக்கூடு சொன்னதும் மூச்சுச் சொன்னதும்

நாற்பத்தெட்டு வயது வரை என் நெஞ்சு அடிக்கும் சத்தத்தைக் கேட்க நான் விரும்பியதில்லை. இடப்பக்கம் சரிந்து படுக்க மாட்டேன். அப்படிப் படுத்தால் தலையணைக்குள் அது கேட்கும். கிணற்றில் தொடர்ந்து அள்ளி மூச்சு வாங்கினால், குடம் நிரம்பாவிட்டாலும் வாளியை வைத்துவிட்டு நின்றுவிடுவேன்.

காரணம் அப்பா. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே மணலில் விழுந்து போனார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. "பாவி மனுசன், ஒரு சத்தம் போடேல்லை" என்று செத்தவீட்டில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நல்ல சாவு என்ற கருத்தில்தான் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. சத்தம் போடாமல் வரும் ஒன்றை எப்படிக் கண்டுகொள்வது என்ற பயம் அன்று எனக்குள் வந்து குந்தியது. என் வயது ஐம்பதை நெருங்க நெருங்க அதுவும் வளர்ந்தது.

நான் வீட்டில் இருந்து தைப்பவள். பள்ளிக்கூடச் சட்டைகள், தேவாலயப் பாடகர் குழுவின் உடுப்புகள், சாறிச் சட்டைகள். ஒரு நாள் மெசினை விட்டு எழும்பும்போது தலை சுற்றியது. கணவர் கடலால் வந்து மீன்கூடையை இறக்கிய கையோடு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து டொக்டர் எல்லாத் தாள்களையும் விரித்து வைத்துக்கொண்டு பேசினார். என் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"அம்மா, இருதயத்தில ஒரு பிழையும் இல்லை. பிரஷர் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இப்ப மருந்து குளிசை ஒண்டும் வேண்டாம். நடவுங்கோ. ஏலுமெண்டால் மெல்ல மெல்ல ஓடுங்கோ."

"ஓடலாமோ?"

"ஏன் ஓடக்கூடாது?"

அப்பாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா புகைச்சவரோ?" என்றார்.

"ஓம், சுருட்டு."

"நீங்களும் சுருட்டுப் பத்துறனீங்களோ?"

வாசலில் நின்ற தாதி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. டொக்டர் சிரிக்காமல் சொன்னார்: "மூச்சு வாங்கிறது ஒரு நோய் வருத்தமில்லை அம்மா. ஓடினால் மூச்சு வாங்கத்தான் வேணும். நெஞ்சு இறுக்கினால், கைக்குள்ள நோ வந்தால், தலை சுத்தினால் நிண்டுபோட்டு உடன இஞ்ச வாங்கோ. மற்றதுக்கெல்லாம் பயப்பிடாதேங்கோ."

அந்தத் தாள்களை என் தலை நம்பியது. நெஞ்சு நம்பவில்லை. அதை நம்ப வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஓடத் தொடங்கினேன். மெலிய வேண்டும் என்றோ அழகுக்கோ இல்லை.

எங்கள் பகுதியில் வளர்ந்த பெண் ஒருத்தி காரணம் இல்லாமல் றோட்டில் ஓடுவதில்லை. விடிய ஐந்தரைக்குச் சுடிதார் காற்சட்டையும் மகனின் பழைய ரீசேட்டும் போட்டுக்கொண்டு புளியங்கூடல் பக்கமாக வெளிக்கிட்டேன். இரண்டு மின்கம்ப தூரம் ஓட்டம், இரண்டு மின்கம்ப தூரம் நடை. மூன்றாவது நாள், மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாக மிதித்தார்.

"தங்கச்சி, எந்த வீடு?"

எனக்கு விளங்கவில்லை.

"ஆருக்கு என்ன? எந்த வீட்டில?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை."

"பிறகேன் ஓடுறீர்?"

"சும்மா" என்றேன். அவர் அதை நம்பவில்லை. அடுத்த மதகு வரைக்கும் என்னோடு கூடவே வந்தார். காவலுக்கு வந்தார் என்று பிறகுதான் எனக்குப் பட்டது.

அன்று மத்தியானம் கணவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "இஞ்சேரும், ரெண்டு பேர் இண்டைக்குத் துறையில வந்து என்னட்டக் கேட்டவை, வீட்டில ஏதும் சண்டையோ எண்டு" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இன்னும் இல்லை எண்டு சொன்னனான்."

கனடாவில் இருக்கும் என் தங்கைக்குத்தான் சந்தோசம். என்னைவிட இரண்டு வயது இளையவள். அங்கே ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்து, பனிக்குள்ளும் ஓடுகிறவள். அவளின் மகன் கையில் கட்டும் புது மணிக்கூடு ஒன்று வாங்கியதால் பழையது சும்மா கிடந்தது. ஊருக்கு வந்த ஒருவரிடம் சவர்க்காரம், சொக்கிலேற்று எல்லாவற்றோடும் அதையும் கொடுத்து விட்டாள். கறுப்பு றப்பர் பட்டி. அடியில் ஒரு பச்சை வெளிச்சம் மினுங்கும். அந்த வெளிச்சத்தால் தோலுக்குள் ஓடும் இரத்தத்தைப் பார்த்து, நெஞ்சு நிமிசத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று காட்டுமாம்.

கதிரையில் இருந்து அதைக் கட்டிக்கொண்டேன். எண்பத்திரண்டு என்று காட்டியது. இவ்வளவு காலமும் தலையணையில் கேட்காமல் ஒளித்த சத்தம் இப்போது எண்ணாக என் கையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க எண்பத்தெட்டு ஆனது. தொண்ணூற்று நான்கு ஆனவுடன் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

தங்கை வீடியோ கோலில் பேசி அதை மறுபடி வெளியே எடுக்க வைத்தாள்.

"அக்கா, பெரிய படிப்பொண்டும் இல்லை. மேல எண்ணுக்குப் பக்கத்தில பச்சை நிறம் காட்டுற வரைக்கும் லேசான ஓட்டம். மஞ்சள் வந்தால் மெதுவாப் போ. சிவப்பு வந்தால் நட. வீட்ட வந்து ரெண்டு எண் எழுது. ஒண்டு நெஞ்சடிப்பு. மற்றது, பத்துக்கு எவ்வளவு பாடுபட்டனீ எண்டு. கதிரையில இருக்கிறது ஒண்டு. இனி ஒரு அடியும் ஏலாது எண்டால் பத்து."

"அதை ஆர் சொல்லுறது?"

"நீதான் சொல்ல வேணும்."

மணிக்கூட்டைப் பழகுவதைவிட அது கடினமாக இருந்தது. புள்ளி என்பது மற்றவர்கள் போடுவது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் போட்டா, தைத்த சட்டைக்கு அதை உடுத்திப் பார்க்கிறவ தன் முகத்தால் போட்டா. நான் பட்ட பாட்டுக்கு நானே புள்ளி போடுவது எப்படி? நாலு என்பதா, ஏழு என்பதா?

வழி செபமாலையில் கிடைத்தது. விடியப்புறம் தனியே ஓடும்போது பயத்துக்கு நான் செபமாலை சொல்லிக்கொண்டுதான் ஓடுவேன். கோயிலில் "அருள் நிறைந்த மரியே" சொல்லும்போது ஒரு பக்கத்தார் முதற் பாதியைச் சொல்ல மற்றப் பக்கத்தார் பிற்பாதியைச் சொல்வார்கள். ஓடும்போது இரண்டு பக்கமும் நான்தான். முதற் பாதி ஒரு மூச்சிலும் பிற்பாதி அடுத்த மூச்சிலும் ஒழுங்காக வந்தால் நாலு புள்ளி. பாதி நடுவில் உடைந்தால் ஆறு. சொல்லுக்குச் சொல் மூச்சு எடுத்தால் எட்டு. "அருள்" என்றதோடு நின்றுபோனால் ஒன்பது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிய பங்குக் கோயில் கலண்டரில், திகதிக் கட்டத்துக்குள் இரண்டு எண்ணையும் எழுதத் தொடங்கினேன்.

ஆனால் முதல் இரண்டு கிழமையும் எழுதிய எண்கள் என்னைக் கொல்லாமல் கொன்றன. பச்சையை விட்டு வெளியே போகாமல்தான் ஓடினேன். மணிக்கூடு நூற்று நாற்பத்தெட்டு என்று காட்டிக்கொண்டு, இன்னும் பச்சையாகவே நின்றது. செபமோ சொல்லுக்குச் சொல் உடைந்தது. 148, எட்டு. 146, எட்டு. 151, ஒன்பது. லேசான ஓட்டம் என்று மணிக்கூடு சொல்கிறது. எனக்கு உயிர் போகிறது. அப்படியென்றால் பிழை எங்கே இருக்க முடியும்? தாளில் அகப்படாத ஏதோ ஒன்று எனக்குள் இருக்கிறது, அப்பாவுக்கு இருந்தது போல, என்று முடிவு கட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலு நாள் ஓடவில்லை.

"என்ன, எஞ்சின் நிண்டுபோச்சோ?" என்றார் கணவர்.

"கால் நோகுது."

ஐந்தாம் நாள் தங்கை, எழுதின கலண்டர்த் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பி ஒரு நிமிசம் ஆகவில்லை, கோல் வந்தது.

"அக்கா, பச்சைக்குள்ள ஓடி எட்டும் ஒன்பதுமோ?"

"ஓம்."

"வயசு மாத்தினனியோ?"

"ஆற்ற வயசை?"

"மணிக்கூட்டில அக்கா! மணிக்கூட்டில!"

"மணிக்கூட்டுக்கு என்னத்துக்கு வயசு?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். "ஐயோ மாதாவே! அது இன்னும் இவன்ர வயசில நிக்குது. வயசை வைச்சுத்தானே அது பச்சை மஞ்சள் பிரிக்கிறது. பத்தொன்பது வயசுப் பெடியன்ர பச்சையில நீ ரெண்டு கிழமை ஓடியிருக்கிறாய்!"

வெளிநாட்டால் வரும் பொருளில் நாங்கள் கை வைப்பதில்லை. றேடியோவோ மின்சார அடுப்போ, எது வந்தாலும் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக்கைக்கூட உரிக்க மாட்டோம். அது தானாகச் சுருண்டு கழன்று விழும் வரை அப்படியே வைத்துப் பாவிப்போம். தங்கையின் மகன் எப்படி வைத்திருந்தானோ அப்படியே நான் கட்டிக்கொண்டேன். அதற்குள் ஒரு வயது இருக்கும் என்று ஆர் கண்டது?

"உன்ர எட்டுத்தான் சரி. மணிக்கூடுதான் பிழை. அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"மணிக்கூடு கனடாவால வந்தது. நான் இஞ்ச கிடக்கிறன்" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. அவள் அதற்கும் சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்கினவுடன், "வயசை மாத்தினாலும் அது ஒரு பொதுக்கணக்குத்தான் அக்கா. ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். அதை மட்டும் நம்பாதே. உன்னை மட்டும் நம்பினாலும் சரிவராது. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வை" என்றாள்.

தங்கை சொல்லச் சொல்ல என் போனில் சரியான வயதைப் போட்டேன்; அன்றிலிருந்து என் ஓட்டக் கணக்கு அவளின் போனுக்கும் போனது. பச்சை இப்போது நூற்று முப்பதோடு முடிந்தது. அதற்குள் நிற்க வேண்டுமானால் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து என்னை முந்திக்கொண்டு போனார்கள். ஆனால் செபம் பாதி பாதியாக, கோயிலில் வருவது போலவே வந்தது. 128, நாலு. 127, நாலு. ஒரு மாதத்துக்குள் மின்கம்பம் எண்ணி நடப்பதை விட்டுவிட்டேன். இன்னொரு மாதம் போக, அதே தூரம், அதே நேரம், 121 என்று காட்டியது. இறங்கிய அந்த ஏழுக்கு நான் பட்ட சந்தோசத்தை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. அன்றைக்குப் புட்டுக்கு இரண்டு முட்டை கூடப் பொரித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த பஸ் வந்தது.

ஒரு நாள் விடிய, யாழ்ப்பாணம் போகும் பஸ் பின்னால் வந்து கோண் அடித்தது. நான் கரைக்கு ஒதுங்கினேன். அது என்னைக் கடந்து போய் நின்றது. கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கையைக் காட்டினார்.

"அக்கா, ஓடாதேங்கோ, ஓடாதேங்கோ! நிக்கிறம்! ஆறுதலா வாங்கோ!"

ஒரு பஸ் சனமும் யன்னலால் எட்டிப் பார்த்தது. நான் பஸ்ஸுக்கு ஓடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், பிறகு எதற்கு ஓடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவும் பேசுவதைவிட ஏறுவது லேசு. ஏறினேன். போன் உறைக்குள் மடித்து வைத்திருந்த நூறு ரூபாயைக் கொடுத்து, "புளியங்கூடல்" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தா.

"நல்ல காலம் பிள்ளை, பிடிச்சிட்டீர். என்ன அலுவலா?"

"ஒரு… அலுவல்தான்."

"உந்தச் சப்பாத்தோடையோ?"

புளியங்கூடலில் இறங்கி, பஸ் மறையும் வரை ஏதோ வீட்டுக்குப் போகிறவள் போல ஒரு ஒழுங்கைக்குள் நின்று, பிறகு திரும்பி ஓடி வந்தேன். மணிக்கூட்டை நிற்பாட்ட மறந்துபோனேன். பின்னேரம் தங்கையின் கோல்.

"அக்கா, நாலு நிமிசத்தில மூண்டு கிலோமீற்றர். உன்னை இனி நாட்டுக்காக ஓட விடப்போகினம்."

கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் எதையோ பார்த்தவள், "பொறு," என்றாள். "ஓடேக்க நூற்றி இருபத்திநாலு. பஸ்ஸுக்குள்ள இருக்கேக்க நூற்றி முப்பத்தாறு. இதென்ன? பஸ்ஸில எத்தினை பாடு பட்டனீ?"

"ஒரு பாடும் படேல்லை. சீற்றில இருந்தனான். ஒண்டுதான் போடலாம்."

"அப்ப ஏன் ஏறினது?"

"எல்லாரும் பாத்தவை."

போனை வைத்த பிறகு கலண்டரை எடுத்துப் பார்த்தேன். சந்தித் தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும் நேரத்தில் ஓடிய நாட்களில் எல்லாம் எண் கூட. பாடு அதே நாலு. கடையைத் தாண்டும்போது வாங்கில் இருப்பவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்கே என் நெஞ்சு ஓடுகிற ஓட்டத்துக்கு மேலால் இன்னொரு ஓட்டம் ஓடியிருக்கிறது.

அன்று குசினிக்குள் நின்று கனக்க யோசித்தேன். பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்ட நாள், மகனின் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்தில் எழுப்பிவிட்ட நாள், பெண் பார்க்க வந்த நாள். அப்போதெல்லாம் நெஞ்சு இப்படித்தான் அடித்தது. ஒவ்வொரு தரமும் இதோ அப்பாவுக்கு வந்தது வருகிறது என்று நினைத்தேன். அது வருத்தம் இல்லை, வெட்கம். அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பயப்படுத்தியிருக்கிறது.

அன்றிலிருந்து கலண்டரில் இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தும் எழுதினேன். வெயில் என்றால் "வெ", எதிர்க்காற்று என்றால் "கா", ஆட்கள் என்றால் "ஆ". இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் அப்படியே நம்புவேன். ஒத்துப்போகாவிட்டால் எந்த எழுத்து என்று தேடுவேன். பெரும்பாலும் அகப்படும்.

சோளகக் காற்றுத் தொடங்கியிருந்த நேரம், விளையாட்டுக் கழகச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கழகத்தின் வீதியோட்டத்தில் இந்த முறை நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் ஒரு பிரிவு. போக மூன்று கிலோமீற்றர், வர மூன்று.

"ரெண்டு பேர்தான் பேர் குடுத்திருக்கினம் அக்கா. மூண்டு இல்லாட்டி நடத்தேலாது. உங்களைத்தான் நம்பி வந்தனாங்கள்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தாமல், "எழுதும், எழுதும். இவ பஸ்ஸை நிப்பாட்டின ஆள்" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள் இருந்து பழைய பயம் வந்தது.

"ஊர் பாக்க, அப்பா மாதிரி நானும் விழுந்துபோனால்?"

வீதியோட்டம் திரும்பும் இடம் அந்தக் கரைதான். அப்பா விழுந்த கரை. அதனால்தான் நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் ஓடப் போனதில்லை. கணவருக்கும் அது தெரியும். அப்பா விழுந்தபோது கணவருக்கு இருபத்திரண்டு வயது, எங்களுக்குக் கலியாணப் பேச்சுக்கூட வரவில்லை. அன்றைக்கு அதே கயிற்றில், அப்பாவுக்கு மூன்று ஆள் பின்னால் நின்று இழுத்தவர் அவர்.

வலையூசியைக் கீழே வைத்தார்.

"சத்தம் போடேல்லை எண்டு எல்லாரும் சொல்லுறவை. அது பொய்" என்றார். "மாமா அண்டைக்கு விடியவே சொன்னவர், நெஞ்சு இறுக்குது, கை உளையுது எண்டு. அண்டைக்கு மட்டுமில்லை, ஒரு மாசமாச் சொன்னவர். நாங்கள் பகிடி பண்ணினனாங்கள். 'பெரியவருக்குக் கயிறு பாரமாப் போச்சு' எண்டு. பிறகு அவர் சொல்லுறதை விட்டுட்டார். சொல்லாமல் வந்ததில்லை அது. நாங்கள்தான் கேக்கேல்லை."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் ஊசியை எடுத்து நூலைக் கோர்த்தார். "பகிடி பண்ணினதில நானும் ஒருத்தன்" என்றார்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வந்தது அழுகை இல்லை, ஒரு பாரம் இறங்கின மாதிரி ஒன்று. அப்பாவின் நெஞ்சு அவருக்குச் சொல்லியிருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் என் நெஞ்சும் சொல்லும். கேட்க மட்டும் தெரிந்தால் போதும். அதைத்தானே நாலு மாதமாகக் கலண்டரில் பழகுகிறேன்.

ஞாயிறு பின்னேரம் துறையடியில் மூன்று பேர் நின்றோம். ஒருவர் விளையாட்டு ரீச்சர், மெல்லிய காற்று மாதிரி ஓடக்கூடியவர். மற்றவர் சந்தையில் மீன் விற்கும் அக்கா, குரலுக்குப் பேர்போனவர். மூன்றாவது நான். ஓடி முடித்தாலே மூன்றாம் இடம் நிச்சயம், ஆகவே எனக்கு வேண்டியது முடிப்பது மட்டும்தான். விசில் ஊதமுன்பே, நின்ற இடத்தில், என் மணிக்கூடு நூற்றுப் பதினெட்டு என்றது. ஊரே றோட்டின் இரண்டு கரையிலும் நின்றது.

முதல் கிலோமீற்றரில் நூற்று நாற்பத்தேழு. செபம் பாதி பாதியாக வந்தது. சரி, ஆட்கள், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். பிறகு வீடுகள் முடிந்து வெளி வந்தது. சோளகம் முகத்தில் அடித்தது. மெதுவானேன். எண் மெதுவாகவில்லை. அதுவும் சரி, காற்று.

கரை தெரிந்தது. அன்றும் ஆட்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நூற்று ஐம்பத்தாறு. இவ்வளவு பெரிய எண்ணை வயது மாற்றிய பிறகு நான் கண்டதில்லை. கால்கள் தாமாக நிற்கப் பார்த்தன. நான் டொக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். நெஞ்சு இறுக்குதா? இல்லை. கைக்குள் நோகுதா? இல்லை. தலை சுற்றுதா? இல்லை. செபம்? ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது, ஆறு சொல்லலாம். மணிக்கூடு சொல்லும் அளவுக்கு என் மூச்சுப் பாடுபடவில்லை. மிச்சம் பயம். பயத்துக்கு என்னிடம் எழுத்து இருக்கவில்லை, அந்த இடத்திலேயே ஒன்று வைத்துக்கொண்டேன். கொடி கட்டிய தகர பீப்பாவைச் சுற்றித் திரும்பும்போது வலை இழுத்தவர்களில் ஒருவர் "விடாதையக்கா!" என்று கத்தினார்.

திரும்பி வரும்போது காற்று முதுகில். லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் காற்றோடு காற்றாக ஓடும்போது உடம்பில் ஒரு காற்றும் படாது. வேர்வை காயவில்லை. நூற்று அறுபத்தொன்று. இந்த முறை செபம் சொல்லுக்குச் சொல் உடைந்தது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. அப்படியென்றால் நம்ப வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முந்திப் போகும் ஓட்டத்துக்கு இறங்கினேன். கழகத்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தது.

"அக்கா, காணும், ஏறுங்கோ. களைச்சுப் போனியள்."

"இல்லைத் தம்பி. நான் ஓடுறன்."

அவன் இன்னொரு தரம் கேட்டான். நான் இன்னொரு தரம் இல்லை என்றேன். செபம் ஓரளவுக்கு ஒட்டத் தொடங்கியது. நூற்று ஐம்பத்திரண்டு. அந்த அளவிலேயே ஓடினேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஒரு வளைவில் மீன் விற்கும் அக்கா நடந்துகொண்டிருந்தா. தொடக்கத்தில் ரீச்சரோடு ஒட்டிக்கொண்டு பாய்ந்தவ.

"எடியே, நில்லடி! உந்தக் கழகக்காரருக்கு வேற வேலை இல்லை, வயசுபோன பொம்பிளையளை வெயிலுக்க விட்டிட்டு நிழலுக்க நிண்டு சோடா குடிக்கிறாங்கள். நீயும் நட, ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்!"

மூச்சு எடுக்காமல் அவ்வளவும் திட்டினா. எனக்கு உடனே கணக்கு வந்தது. முழு வசனமாகத் திட்ட முடிகிறதென்றால் அவவின் பாடு நாலுக்கு மேல் இல்லை.

"உங்களுக்கு ஏலும் அக்கா. திட்டித் திட்டி மெல்ல ஓடுவம், வாங்கோ."

அவ திட்டிக்கொண்டே ஓடினா. நான் பக்கத்தில் செபத்தோடு ஓடினேன். கழகத்தைத் திட்டி முடித்து, மீன் விலையைத் திட்டி, கடைசியில் அவவின் மருமகளுக்கு வந்தபோது துறையடி தெரிந்தது. சனத்தைக் கண்டவுடன் அந்த மனுசி என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கயிற்றைத் தொட்டா. இரண்டாம் இடம். நான் சிரித்துக்கொண்டு மூன்றாவதாக வந்தேன்.

விழவில்லை. நின்றேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நெஞ்சு அடிப்பதை உள்ளுக்குள் கேட்டேன். பெரிதாக, ஒழுங்காக, ஒரு வேலை செய்து முடித்த சத்தமாக இருந்தது. ஒளிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இடப்பக்கமோ வலப்பக்கமோ, அது அடிக்கட்டும்.

கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது, என்னைவிட அவருக்குத்தான் வேர்த்திருந்தது. ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி எண்ணைப் பார்த்தார்.

"நூற்றி அம்பத்தெட்டு" என்றார். கடலில் ஆழம் பார்த்துச் சொல்கிற குரல். "நூற்றி அம்பது… நூற்றி முப்பத்தொன்பது… இறங்குது, இறங்குது… நூற்றி முப்பது. அப்பாடா."

மீன் விற்கும் அக்கா சோடாப் போத்தலோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றா. செயலாளரும் பார்த்தார். கழகத்துப் பெடியள் எல்லாரும் பார்த்தார்கள்.

"இதென்னப்பா, திரும்ப ஏறுது? நூற்றி முப்பத்தஞ்சு… நூற்றி நாப்பது!"

"கையை விடுங்கோ" என்றேன் மெதுவாக. "சனம் பாக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு விளங்கிச் சிரித்தார். ஆனால் அது இறங்கும் வரைக்கும் கையை விடவில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.